கோல்ட்ஸ்மித்தா, வெதர்லியா, டீகா: பழைய அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தை யாரிடமிருந்து தொடங்குவது?

1950களின் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறவருக்கு வரும் முதல் குழப்பம், எங்கே தொடங்குவது என்பதுதான். ஆண்டுவாரியான சாம்பியன் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டால் பத்து வரிக்குள் சலித்துவிடும். யார், எத்தனை வெற்றி, எந்தக் கார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடைக்காது. ஒரே ஒரு ஓட்டுநரைத் தேர்ந்தெடுத்து, அவர் எங்கெல்லாம் போனாரோ அங்கெல்லாம் நாமும் கூடவே போவதுதான் நல்ல வழி. அந்த ஒருவர் யார் என்பதைத் தீர்மானிக்கத்தான் இந்த ஒப்பீடு.

ரிச்சர்ட் பெட்டி என்று உடனே பலர் சொல்வார்கள். 200 வெற்றிகள், ஏழு பட்டங்கள், மறுக்க முடியாது. ஆனால் அவருடைய கதை 1960களில்தான் வேகம் பிடிக்கிறது, பெரும்பாலும் ஒரே உலகத்துக்குள்ளேயே சுற்றுகிறது. அதற்கு முந்தைய காலத்தின் அழகே வேறு. ஒரே ஆள் மோட்டார் சைக்கிளில் பந்தயம் ஜெயிப்பார், செடான் காரில் மண் தடத்தில் ஓடுவார், மே மாதம் வந்தால் இண்டியானாபொலிஸில் திறந்த சக்கரக் காரில் உட்கார்ந்திருப்பார். எனவே பல வகை வண்டிகளைத் தொட்டவர்தான் நமக்கு வேண்டும். ஏ.ஜே. ஃபாய்ட், பார்னெல்லி ஜோன்ஸ் போன்றவர்களும் எல்லாவற்றையும் ஓட்டினார்கள்தான். ஆனால் அவர்களுடைய சொந்த வீடு இண்டியானாபொலிஸ். ஸ்டாக் கார் அவர்களுக்குப் பக்கத்து வீடு.

கடைசியில் என் கையில் மூன்று பேர் மிஞ்சினார்கள்: மார்ஷல் டீக், ஜோ வெதர்லி, பால் கோல்ட்ஸ்மித். என் தேர்வு கோல்ட்ஸ்மித் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் மற்ற இருவரையும் முதலில் எடுக்க வேண்டிய வாசகர்களும் உண்டு, அது அவரவர் எதைத் தேடுகிறார் என்பதைப் பொறுத்தது.

பெயர்கள் வரிசையாக வரப்போவதால் பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக் கார் என்றால் கம்பெனி கடையில் விற்கும் அதே காரை, அனுமதித்த மாற்றங்களோடு பந்தயத்தில் இறக்குவது. 1947 டிசம்பரில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில், ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் பில் ஃபிரான்ஸ் கூட்டிய கூட்டத்திலிருந்து நாஸ்கார் பிறந்தது. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே டிரிபிள் ஏ என்ற அமைப்பு இண்டியானாபொலிஸ் 500 உட்பட பெரிய பந்தயங்களை நடத்தி வந்தது. அதற்கும் தனியாக ஒரு ஸ்டாக் கார் பட்டம் இருந்தது. 1955ஆம் ஆண்டு பிரான்ஸில் லெ மான் விபத்து நடந்தபின் டிரிபிள் ஏ பந்தயத்தை விட்டே விலகியது, அந்த இடத்தில் யூசாக் என்ற புதிய அமைப்பு வந்தது. நாஸ்காரும் யூசாக்கும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. ஒரு பக்கம் ஓடுகிறவர் மறுபக்கம் ஓடுவது சுலபமில்லை. இந்தப் பகையைப் புரிந்துகொள்ளாமல் அந்தக் கால ஓட்டுநர் ஒருவரின் பாதையைப் புரிந்துகொள்ள முடியாது.

முதலில் டீக். டேடோனா பீச்சிலேயே பிறந்தவர். நாஸ்கார் தொடங்கியபோது அதன் பொருளாளராக இருந்தவர். 1951, 1952 இரண்டு ஆண்டும் டேடோனா கடற்கரைப் பந்தயத்தை ஹட்சன் ஹார்னெட் காரில் வென்றார். அவரை எடுத்தால் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் அந்தக் கார்தான். ஹட்சன் ஒரு நடுத்தரக் கம்பெனி. மற்ற கம்பெனிகள் எட்டு சிலிண்டர் எஞ்சினுக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஹார்னெட் ஆறு சிலிண்டரிலேயே நின்றது, ஆனால் 5 லிட்டர் கொள்ளளவு கொண்ட பெரிய ஆறு. அதைவிட முக்கியம், காரின் தரைப்பலகையைச் சட்டத்துக்கு மேலே வைக்காமல் அதன் நடுவே கீழே இறக்கியிருந்தார்கள். ஏறி உட்காருகிறவர் படி இறங்குவதுபோல உள்ளே இறங்க வேண்டும். கார் முழுதும் தாழ்ந்து நின்றதால் வளைவில் அது சாயவில்லை. மற்ற கார்கள் வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்த இடத்தில் ஹார்னெட் அப்படியே திரும்பியது.

டீக் முன் அனுமதி கூட வாங்காமல் மிச்சிகனில் இருந்த ஹட்சன் கம்பெனிக்கே நேரில் போய் ஆதரவு கேட்டார் என்பது பிரபலமான கதை. அதன் விளைவுதான் சுவாரஸ்யம். கனமான அச்சு, வலுவான சக்கர மையம், உறுதியான சஸ்பென்ஷன் என்று பந்தயத்துக்குத் தேவையான பாகங்களைக் ‘கடும் உபயோகத்துக்கானவை’ என்ற பெயரில் கம்பெனி தன் விற்பனைப் பட்டியலிலேயே சேர்த்தது. பட்டியலில் இருக்கிறதே, அப்படியென்றால் அது ஸ்டாக் தானே! இரட்டைக் கார்புரேட்டரும் அப்படித்தான் வந்தது. 1952இல் நாஸ்கார் நடத்திய 34 பந்தயங்களில் 27ஐ ஹட்சன் கார்கள் வென்றன. ஒரு கம்பெனியும் ஒரு ஓட்டுநரும் சேர்ந்து விதிப்புத்தகத்தை எப்படிப் படித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. கார் எஞ்சின், வடிவமைப்பு, விதிமுறை ஆகியவற்றில் ஆர்வம் உள்ளவர் யோசிக்காமல் டீகை எடுக்கலாம்.

அவரும் ஒரே இடத்தில் நின்றவர் அல்ல. 1951இல் மெக்சிகோவின் குறுக்கே ஓடிய கரேரா பானமெரிகானாவில் ஹட்சனை ஓட்டி ஆறாம் இடம் பிடித்தார். பிறகு பில் ஃபிரான்ஸோடு மோதி நாஸ்காரை விட்டு வெளியேறி டிரிபிள் ஏ பக்கம் போனார். தான் கட்ட உதவிய வீட்டிலிருந்து அவரே வெளியேற வேண்டியிருந்தது என்பது இன்றைக்குப் படித்தாலும் வலிக்கிறது. டிரிபிள் ஏ ஸ்டாக் கார் பட்டத்தை 1952இலும் 1954இலும் வென்றார். 1957 இண்டியானாபொலிஸ் 500இல் ஏழாம் இடம். ஆனால் நாஸ்காரின் முதன்மைத் தொடரில் அவர் ஓடியது மொத்தம் 23 பந்தயங்கள், வென்றது 7. கதை பாதியில் நின்றுவிடுகிறது. 1959 பிப்ரவரி 11 அன்று, புதிதாகக் கட்டிய டேடோனா ஓடுதளத்தில் ‘சுமார் ஸ்பெஷல்’ (Sumar Special) என்ற காரில் வேக சாதனைக்கு முயன்றபோது அவர் இறந்தார். முதல் டேடோனா 500 நடக்க இன்னும் 11 நாள்தான் இருந்தது. அவருக்கு வயது 37.

அடுத்து வெதர்லி. வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரத்துக்காரர், 1922இல் பிறந்தவர். மோட்டார் சைக்கிளில் தேசிய அளவில் வென்றவர். நியூ ஹாம்ப்ஷயரின் லக்கோனியா பந்தயத்தை 1948, 1949 இரண்டு ஆண்டும் ஜெயித்தார். பிறகு காருக்கு வந்தார். 1953இல், கார்களைப் பெரிதும் மாற்றி ஓட்டும் நாஸ்காரின் மாடிஃபைட் பிரிவில் பட்டம். அந்த ஓர் ஆண்டில் மட்டும் 52 வெற்றிகள். மேல்மூடி இல்லாத கன்வெர்ட்டிபிள் கார்களுக்கென்று 1956 முதல் நாஸ்கார் நடத்திய பிரிவிலும் வெற்றிகள் உண்டு. கடைசியாக முதன்மைத் தொடரில் 1962, 1963 இரண்டு ஆண்டும் சாம்பியன்.

அவரைக் கோமாளி இளவரசன் என்றுதான் பத்திரிகைகள் அழைத்தன. பீட்டர் பேன் வேஷம் போட்டுக்கொண்டு பயிற்சிச் சுற்று ஓடியவர், பச்சை நிறம் ஆகாது என்று நம்பியவர். இந்தக் கதைகளைப் படிக்கும்போது சிரிப்பு வரும், ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் ஓட்டுநரைத் தவறவிட்டுவிடுவோம். அவரை எடை போட 1963ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும்.

1962இல் கார் உரிமையாளர் பட் மூருடைய பான்டியாக்கில் 52 பந்தயம் ஓடி 9 வென்றார், 45இல் முதல் பத்துக்குள் வந்தார். 1963 தொடக்கத்தில், பான்டியாக்கைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் பந்தயத்துக்கு ஆதரவை நிறுத்தியது. மூரால் எல்லாப் பந்தயத்துக்கும் கார் கொண்டுவர முடியவில்லை. பட்டத்தைக் காக்க வேண்டுமென்றால் எல்லாப் பந்தயத்திலும் ஓடியாக வேண்டும். வெதர்லி என்ன செய்தார்? மூரின் கார் வராத ஊர்களில், பந்தயத்துக்கு வந்திருக்கும் மற்ற உரிமையாளர்களிடம் போய் ‘இன்றைக்கு உன் காரை எனக்குத் தருவாயா’ என்று கேட்டார். அந்த ஆண்டு அவர் ஒன்பது உரிமையாளர்களின் கார்களை ஓட்டியிருக்கிறார். இன்று ஒரு கார், நாளை மறுநாள் வேறு ஊரில் வேறு கார், வேறு சீட், வேறு பிரேக், வேறு குணம். அதில் சில முன்னணிக்கு வரவே வாய்ப்பில்லாத கார்கள். அந்த ஆண்டு 53 பந்தயங்களில் வென்றது மூன்றுதான். ரிச்சர்ட் பெட்டி 14 வென்றார், ஃபிரெட் லோரன்சன் 29 பந்தயம் மட்டும் ஓடி ஒரு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார். ஆனாலும் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் வெதர்லி மேலே இருந்தார். காரை உடைக்காமல் கடைசிச் சுற்று வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஒரு திறமை. அந்தத் திறமையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆண்டு வேறொன்றை நான் பார்க்கவில்லை.

முடிவு கொடுமையானது. 1964 ஜனவரி 19, கலிபோர்னியாவின் ரிவர்சைட் தடம். பழுதுபார்த்துப் பல சுற்றுகள் பின்தங்கிய காரில், கிடைக்கிற புள்ளிகளுக்காக மறுபடி இறங்கினார். ஆறாவது வளைவில் சுவரில் மோதியபோது தலை ஜன்னலுக்கு வெளியே போய் அடிபட்டது. தோளைப் பிடிக்கும் பட்டையை அவர் போட்டிருக்கவில்லை. ஜன்னலில் வலை கட்டும் வழக்கமும் அப்போது இல்லை. அந்த வலை பிற்காலத்தில் கட்டாயமானதற்கு அவருடைய மரணமும் ஒரு காரணம். பட்டம், புள்ளி, வாராவாரம் ஊர் ஊராகப் போகும் உழைப்பு, பந்தயப் பாதுகாப்பின் வரலாறு எல்லாம் வேண்டும் என்பவருக்கு வெதர்லிதான் சரி. இடைவெளி இல்லாமல் நாஸ்காருக்குள்ளேயே இருப்பதால் பின்தொடரவும் சுலபம். அவருக்குள்ள ஒரே குறையும் அதுதான்: காருக்கு வந்தபின் அவர் நாஸ்காரின் வேலியைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை.

இனி கோல்ட்ஸ்மித். 1925இல் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவர், டெட்ராய்ட் பக்கத்தில் வாழ்ந்து மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறங்கியவர். அன்றைய அமெரிக்க மண் தட மோட்டார் சைக்கிள்களில் பிரேக் கிடையாது. இடது காலுக்கு இரும்புத் தகடு போட்ட பூட்ஸ். வளைவில் அந்தக் காலை மண்ணில் ஊன்றி, பின் சக்கரத்தை வழுக்கவிட்டு, ஆக்சிலரேட்டரைக் கூட்டிக் குறைத்தே வண்டியைத் திருப்ப வேண்டும். பிடி எங்கே போகிறது, எங்கே திரும்பக் கிடைக்கிறது என்பதை உடம்பு தானாகவே கற்றுக்கொள்ளும் பள்ளி அது. அங்கிருந்து வந்தவர், டேடோனா கடற்கரையில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயமான டேடோனா 200ஐ 1953இல் ஹார்லி டேவிட்சனில் வென்றார். அதற்கு முந்தைய நான்கு ஆண்டும் அந்தப் பந்தயத்தை பிரிட்டனின் நார்ட்டன் வண்டிகளே எடுத்துக்கொண்டு போயிருந்தன என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வெற்றியின் எடை தெரியும்.

அப்புறம் அதே தடத்தில் கார். டேடோனா கடற்கரைத் தடத்தைக் கொஞ்சம் மனதில் வரைந்துகொள்ளுங்கள். சுற்று 4.1 மைல், ஆறரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடலை ஒட்டிப் போகும் குறுகலான தார் ரோட்டில் தெற்கே இரண்டு மைல், மணலில் ஒரு திருப்பம், பிறகு கடற்கரையின் இறுகிய ஈர மணல் மேலேயே வடக்கே இரண்டு மைல், மறுபடி மணல் திருப்பம். ஓதம் ஏறுவதற்குள் பந்தயத்தை முடித்தாக வேண்டும். அதனால் தொடக்க நேரத்தையே கடலின் ஏற்ற வற்றம்தான் நிர்ணயித்தது. சுற்றுக்குச் சுற்று திருப்பங்களின் மணல் குழி விழும். உப்புத் தண்ணீரும் மணலும் முன் கண்ணாடியில் அப்பிக்கொண்டு, கடைசியில் தேய்ந்த கண்ணாடி வழியே பாதையே தெரியாது.

1958 பிப்ரவரியில் அந்தத் தடத்தின் கடைசி நாஸ்கார் பந்தயம். கோல்ட்ஸ்மித் ஓட்டியது ஸ்மோக்கி யூனிக் தயாரித்த பான்டியாக். யூனிக் டேடோனா பீச்சிலேயே பட்டறை வைத்திருந்த மேதை. ஹட்சன் காலத்தில் ஹெர்ப் தாமஸ் என்ற ஓட்டுநருக்குக் கார் தயாரித்தவரும் அவரே. கடைசிச் சுற்றில், கண்ணாடி மங்கிப் போயிருந்த நிலையில், கோல்ட்ஸ்மித் வடக்குத் திருப்பத்தைத் தவறவிட்டு நேரே கடற்கரையில் ஓடிவிட்டார். பின்னாலேயே கர்ட்டிஸ் டர்னர், மணலில் அவரைவிடத் துணிந்தவர் கிடையாது என்று பெயர் வாங்கியவர். கோல்ட்ஸ்மித் காரை அந்த மணலிலேயே சுழற்றித் திருப்பி, மறுபடி தடத்துக்கு வந்து, ஐந்து கார் நீள இடைவெளியில் ஜெயித்தார். பிரேக் இல்லாத வண்டியில் வழுக்கியே பழகிய ஒருவரால்தான் அது முடிந்தது என்று நான் நம்புகிறேன். அந்தக் கடற்கரையில் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் வென்ற ஒரே ஆள் அவர்தான். அடுத்த ஆண்டே பந்தயம் புதிய ஓடுதளத்துக்குப் போய்விட்டது; இனி யாராலும் அதைச் சமன் செய்யவும் முடியாது.

அதோடு நிற்கவில்லை. மூன்று மாதத்தில் யூனிக்கோடு இண்டியானாபொலிஸ் போனார். 1958 மே மாதம் முதல் சுற்றிலேயே 15 கார்கள் மோதிக்கொண்ட, பேட் ஓ’கானர் உயிரிழந்த அந்தப் பெரும் விபத்தில் கோல்ட்ஸ்மித்தின் காரும் சிக்கியது. முதல் அனுபவமே அப்படி அமைந்தால் பலர் திரும்பிப் பார்க்காமல் போயிருப்பார்கள். அவர் 1963 வரை ஆறு முறை ஓடினார். 1959இல் ஐந்தாம் இடம். 1960இல் 26ஆம் இடத்திலிருந்து கிளம்பி மூன்றாம் இடம். அவருக்கு முன்னால் ஜிம் ராத்மனும் ராட்ஜர் வார்டும் மட்டுமே. ஸ்டாக் கார் ஓட்டியவர்கள் இண்டியில் தடுமாறுவது சகஜமாக இருந்த காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

இண்டிக்காக யூசாக் பக்கம் வந்தவர், அங்கேயும் ஸ்டாக் காரை விடவில்லை. ரே நிக்கல்ஸின் பான்டியாக்கில் 1961, 1962 இரண்டு ஆண்டும் யூசாக் ஸ்டாக் கார் சாம்பியன். அதாவது வெதர்லி நாஸ்காரில் பட்டம் வென்ற 1962இல், எதிர் முகாமில் பட்டம் வென்றது கோல்ட்ஸ்மித். இருவரும் மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தவர்கள். 1961 டேடோனா 500இல் இந்த இருவரும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். ஃபயர்பால் ராபர்ட்ஸ் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது கடைசி நேரத்தில் எஞ்சின் போக, மார்வின் பாஞ்ச் வென்றார். இரண்டாவது வெதர்லி, மூன்றாவது கோல்ட்ஸ்மித். இருவரையும் ஒப்பிட நினைப்பவர் அந்த ஒரு பந்தயத்தைத் தனியாக எடுத்துப் படிக்கலாம்.

பிறகு மறுபடி நாஸ்கார், இம்முறை கிரைஸ்லர் கம்பெனியின் பிளிமத் கார். 1964இல் கிரைஸ்லரின் புதிய ஹெமி எஞ்சினோடு (எரியறை அரைக்கோள வடிவில் இருப்பதால் அந்தப் பெயர்) டேடோனா 500க்கு முதலிடத்தில் தகுதி பெற்றார். வேகம் மணிக்கு 174.910 மைல், ஏறக்குறைய 281 கிலோமீட்டர். பந்தயத்தில் பெட்டி வெல்ல, கோல்ட்ஸ்மித் மூன்றாவது. 1966இல், 40 வயதில், ராக்கிங்ஹாமிலும் பிரிஸ்டலிலும் வென்று தொடரில் ஐந்தாம் இடம் பெற்றார். நாஸ்கார் கணக்கு மொத்தம் 127 பந்தயம், 9 வெற்றி. 1969இல் பந்தயத்தை விட்டுவிட்டு விமானத் தொழிலுக்குப் போனார். இண்டியானாவின் கிரிஃபித் விமான நிலையத்துக்கே உரிமையாளரானார். 2024 செப்டம்பரில் 98 வயதில் காலமானார்.

எண்ணை மட்டும் வைத்து முடிவெடுத்தால் வெதர்லியின் 230 பந்தயம், 25 வெற்றி, இரண்டு பட்டத்துக்கு முன்னால் இந்த 9 மெலிந்துதான் தெரியும். கோல்ட்ஸ்மித்தின் பெயர் அதிகம் பேசப்படாமல் போனதற்கும் காரணம் அதுவே. அவருடைய சாதனைகள் மோட்டார் சைக்கிள் கணக்கில் கொஞ்சம், யூசாக் கணக்கில் கொஞ்சம், இண்டி கணக்கில் கொஞ்சம், நாஸ்கார் கணக்கில் கொஞ்சம் என்று நாலு ஏட்டில் சிதறிக் கிடக்கின்றன. எந்த ஏட்டைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் அவர் இல்லை. நமக்கு இது பழகிய விஷயம்தான்: கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1 ஓட்டியது எல்லோருக்கும் தெரியும், அவர் 2010இல் அமெரிக்கா போய் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓடியது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

ஆனால் படிக்கத் தொடங்குகிறவருக்கு அந்தச் சிதறலே வரம். கோல்ட்ஸ்மித் பின்னால் போனால் கடற்கரை மணல், மண் தடம், இண்டியின் செங்கல் பதித்த கோடு, டேடோனாவின் 31 டிகிரி சரிவு எல்லாவற்றையும் ஒரே ஆளின் கண்ணால் பார்க்கலாம். நாஸ்கார், யூசாக் இரண்டின் உள்ளும் புகுந்து வரலாம். ஹார்லியிலிருந்து ஹெமி வரை எஞ்சின்கள் மாறியதையும் பார்க்கலாம். மற்ற இருவரின் கதையும் 37 வயதிலும் 41 வயதிலும் சட்டென்று அறுபடுகிறது. இவருடையது முழுதாக முடிகிறது. அந்த நிம்மதிக்காகவும் நான் இவரைத் தேர்ந்தெடுக்கிறேன்.

சரி, எந்த வரிசையில் படிப்பது? 1953 டேடோனா 200, 1958 கடற்கரைப் பந்தயம், 1960 இண்டி, 1961 டேடோனா 500, 1964 டேடோனா 500 என்று கோல்ட்ஸ்மித்தின் ஐந்து பந்தயங்களை முதலில் முடியுங்கள். 1961ஐப் படிக்கும்போதே வெதர்லி அறிமுகமாகிவிடுவார். அங்கிருந்து அவருடைய 1963க்குத் தாவலாம். டீகுக்கு வழி யூனிக்கின் பட்டறை வழியாக இருக்கிறது: பான்டியாக்குக்கு முன்னால் அங்கே நின்றது என்ன கார் என்று தேடினால் ஹட்சனிடம் போய்ச் சேர்வீர்கள், ஹட்சனைப் பந்தயத்துக்குள் இழுத்து வந்தவர் டீக்.